சத்தமில்லாமல் இறங்கிய கார்

குளிர் ஊரில் காருக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர்கள், கந்தப்பளை மழையில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை. உள்ளே இருப்பவர்களின் மூச்சே போதும். கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி பால் ஊற்றிய மாதிரி வெளுத்துவிடும். ஏசியைப் போட்டால் உடனே தெளியும். எங்கள் காரில் ஏசி இருந்தது, நன்றாக வேலையும் செய்தது. ஆனால் அதன் பொத்தானின் மேல் என் கணவர் காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் ஒன்றை ஒட்டி வைத்திருந்தார். ஏசி போட்டால் பெற்றோல் கூடக் குடிக்குமாம். அதனால் என் மடியில் எந்நேரமும் ஒரு பழைய துவாய் கிடந்தது. அவர் ஓட்டுவார், நான் துடைப்பேன். அவர் பக்கம் துடைக்க வேண்டுமென்றால் நான் அவருக்குக் குறுக்கே சாய வேண்டும். சாய்ந்தால், "இஞ்சை, மறைக்காதையும்" என்பார். சாயாவிட்டால், "ஒண்டும் தெரியேல்லை, துடையுமப்பா" என்பார்.

நான் ராகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். கந்தப்பளைக்குக் கிட்ட ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நுவரெலியாவில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ராகலையில் வாடகைக்கு வீடு. காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நுவரெலியாவுக்குப் போவார். பின்னேர வகுப்பை முடித்துவிட்டு நான் காத்திருப்பேன், திரும்பி வரும் வழியில் ஏற்றிக்கொள்வார். காலையில் கந்தப்பளை வரை ஏற்றம், பின்னேரம் அங்கிருந்து இறக்கம். எங்கள் கல்யாண வாழ்க்கையின் முக்கால்வாசிச் சண்டை இந்த ஏற்ற இறக்கத்தில்தான் நடந்தது.

எரிபொருள் தட்டுப்பாடு வந்த வருஷத்தில் இது தொடங்கியது. அப்போது நாடே வரிசையில் நின்றது. பிறகு கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். அந்த அளவில் எங்கள் இருவரின் வேலைப் பயணமும் முடிய வேண்டும். அவர் அப்போது செய்ததெல்லாம் நியாயமான காரியங்கள். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பார்த்தார். காரைப் போட்டுவிட்டுச் சந்தைக்கு நடந்தே போனோம். வளைவு வருமுன்பே வேகத்தைத் தானாகக் குறைய விட்டு, பிரேக்கைத் தொடாமலே திருப்பினார். கியரை உரிய நேரத்தில் மாற்றினார். யாருக்காவது காத்திருந்தால் எஞ்சினை நிறுத்தி வைத்தார். மற்ற ஆசிரியைகளின் வீட்டுக்காரர்கள் வார நடுவிலேயே காரை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோது, எங்கள் கார் மட்டும் வெள்ளிக்கிழமையும் ஓடியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆசிரியர் அறையில் அவருடைய முறைகளை நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

தட்டுப்பாடு தீர்ந்தது. கியூஆரை எடுத்துவிட்டார்கள். இவருக்கு மட்டும் தீரவில்லை.

முதலில் காரின் பின்பெட்டியைக் காலி செய்தார். குடை, பாய், என் மழைக்காலச் சப்பாத்து எல்லாம் வீட்டுக்குள் வந்தன. பாரம் குறைந்தால் பெற்றோல் மிச்சம் என்றார். சரி என்றேன். பிறகு ஜாக் வந்தது. பிறகு ஸ்பெயார் வீல் வந்தது. அதைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தார்.

"வழியில டயர் போனா என்னாங்க பண்றது?" என்று கேட்டேன்.

"இந்த டயர் புதுசு. போகாது."

"போனா?"

"நீர் எல்லாத்துக்கும் 'போனா' எண்டு கேட்டா நான் என்ன சொல்ல?"

அடுத்தது பின்சீட். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய் வருவதற்குள் அதைக் கழற்றி எடுத்து முன்னறையில் சுவரோரம் போட்டுவிட்டார். "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு சீற்?" என்றார். அடுத்த வாரம் என் அம்மா வந்து அதில் உட்கார்ந்தார். தரையோடு தரையாகத் தாழ்ந்த சீட். முழங்கால் முகத்துக்கு வந்துவிட்டது. தேத்தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "ஏன்டி, வீட்டுக்குள்ள என்னைய காரு சீட்டுல உக்கார வச்சிருக்க? மாப்பிள்ள எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகப் போறாரா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழும்ப முடியாமல் அம்மா கையை நீட்டினார், இழுத்துத் தூக்கிவிட்டேன்.

டயருக்குச் சொன்ன அளவை விடக் கூடுதலாகக் காற்றடித்தார். காற்றுக் கூடினால் டயர் லேசாக உருளுமாம். உருண்டது உண்மைதான். தோட்டத்து ரோட்டில் ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பில் வந்து இடித்ததும் உண்மைதான். ராகலையில் அவர் வழக்கமாகக் காரைக் காட்டும் கராஜ்காரர் வேறு ஒரு பக்கம். "சேர், இந்தக் காந்தத்த பெட்ரோல் குழாயில மாட்டிப் பாருங்க. கொழும்புல இப்ப எல்லாரும் இதான் போடுறாங்க" என்று ஒன்றை விற்றார். என் கணவர் விஞ்ஞானப் பட்டதாரி.

"பெட்ரோல் என்ன இரும்பாங்க, காந்தம் போய் இழுக்க?" என்று கேட்டேன்.

"துணிக்கையளை ஒழுங்குபடுத்துதாம்."

"யாரு சொன்னா?"

அவர் வெளுத்துப் போன பக்கக் கண்ணாடியில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு வழக்கம். இத்தனை லீற்றர், இத்தனை கிலோமீற்றர், வகுத்தால் இவ்வளவு. அந்த விடை கடுகளவு கூடினால் அன்றைக்கு வீட்டில் சந்தோஷம். குறைந்தால் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் நான்தான் காரணம். ஒருநாள் நான் திருத்தக் கொண்டு வந்த கொப்பிக் கட்டு. ஒருநாள் ஒரு தாய் அன்பாகக் கொடுத்துவிட்ட கோவாவும் லீக்ஸும். "இதெல்லாம் மரக்கறிக் கடையிலை வாங்கலாம்தானே" என்றார். பிள்ளை படிக்கிறாள் என்ற சந்தோஷத்தில் ஒருத்தி தன் தோட்டத்தில் பிடுங்கித் தந்ததை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டேன். கேட்டு என்ன பிரயோசனம்? அவர் காதில் விழுந்ததெல்லாம் அதன் நிறை மட்டும்தான்.

ஏன் நான் இன்னும் உரத்துச் சண்டை பிடிக்கவில்லை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் எனக்குச் சொன்ன ஒரு கதை.

யுத்தக் காலத்தில் அவர்கள் ஊருக்குப் பெற்றோல் வராது. அவருடைய அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். கார் மண்ணெண்ணெயில்தான் ஓடும், ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. முதலில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணிவிட்டுத்தான் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். அந்தச் சில துளியை ஒரு மருந்துப் போத்தலில் அடைத்து சாமிப் படங்களுக்குப் பின்னால் வைத்திருப்பார்களாம். ஓர் அதிகாலை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. போத்தலை எடுத்துப் பார்த்தால் மூடி இளகி, உள்ளே இருந்ததெல்லாம் ஆவியாகிப் போயிருந்தது. கார் அசையவில்லை. அவளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. என் கணவர் சின்னப் பிள்ளையாக வாசலில் நின்று அதைப் பார்த்தவர்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு ஒரு மனிதரோடு பெற்றோல் விஷயத்தில் எப்படிச் சண்டை பிடிப்பது? ஒவ்வொரு முறையும் வாய் வரை வந்ததை விழுங்கினேன். விழுங்கி விழுங்கி எனக்குள் அது புளித்துப் போனதுதான் மிச்சம்.

உண்மையில் என்னை அரித்தது துவாயும் இல்லை, முதுகு வலியும் இல்லை. ரோட்டில் நிற்கும் ஆட்களைத் தாண்டிப் போவதுதான். எங்கள் பக்கம் பஸ் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. கார் வைத்திருப்பவர் தெரிந்தவராக இருந்தால் கை காட்டுவார்கள், ஏற்றிக்கொண்டு போய் டவுனில் விடுவது வழக்கம். பின்சீட் போன பிறகு அவர் நிறுத்துவதில்லை. மழைக்குப் பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் பிள்ளையோடு ஒருத்தி நிற்பாள். என் வகுப்புப் பிள்ளையின் தாயாக இருப்பாள். கார் பக்கத்தில் வரும்போது என்னைக் கண்டு சிரிப்பாள், கையை உயர்த்துவாள். நாங்கள் போய்விடுவோம். நான் துவாயைத் தூக்கிக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொள்வேன். லயத்திலிருந்து படித்து மேலே வந்தவள், கார் வந்ததும் கண் தெரியவில்லை என்று பேசுவார்கள்தானே. பேசாவிட்டாலும் எனக்கு அப்படித்தான் கேட்டது.

கடைசியாக அவர் கண்டுபிடித்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். கந்தப்பளை ஏற்றம் முடிந்து ராகலைப் பக்கம் இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு எஞ்சினையே நிறுத்திவிடுவார். கார் தன் பாரத்தில் இறங்கும். எஞ்சின் சத்தம் கிடையாது. தேயிலை மலைகளுக்கு நடுவில், பனிக்குள்ளே, டயர் ஈர ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"பாரும், ஒரு துளி பெற்றோல் இல்லாமல் எவ்வளவு தூரம் போறம்!"

அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. பயமாக இருக்கிறது என்று எத்தனையோ தரம் சொன்னேன். "பிரேக் இருக்குத்தானே" என்பார்.

அந்தப் பின்னேரம் மழை விட்டு விட்டுப் பெய்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சத் தூரம் வந்திருப்போம். ரோட்டோரத்தில் ஒரு பெண் கல்லில் உட்கார்ந்திருந்தாள். என் வகுப்பில் படிக்கும் ஒருத்தியின் தாய், கொழுந்தெடுக்கிறவள். ஒரு கால் செருப்பில்லாமல் வீங்கிக் கிடந்தது.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

"பின்னுக்கு சீற் இல்லையேயப்பா."

"நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!"

என் குரலில் இருந்த எதுவோ அவரைப் பிரேக்கை மிதிக்க வைத்தது. மலையில் வழுக்கிக் கால் பிசகிவிட்டதாம். ராகலை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள், பஸ் வரவில்லை. கதவைத் திறந்ததும் உள்ளே சீட் இல்லாததைக் கண்டு ஒரு கணம் தயங்கினாள். நான் ஒரு சாக்கை மடித்துத் தரையில் போட்டேன். "பரவால்ல டீச்சர், இதுவே போதும்" என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.  மனிதர் காரை எடுத்தார். இன்றைக்காவது எஞ்சினை நிறுத்த மாட்டார் என்று நினைத்தேன்.

இறக்கம் வந்தது. சாவியைத் திருகினார்.

"காரு நின்னுருச்சா சேர்?" என்று பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"இல்லையம்மா. இறக்கத்திலை எஞ்சின் தேவையில்லை."

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தார், பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. அதற்கடுத்த வளைவைத் திரும்பியதும் பனிக்குள் ஒரு மரக்கறி லொறி நின்றது, வெளிச்சமெதுவும் இல்லாமல். அவர் மிதித்தார். பிரேக் கல்லாக இறுகிப் போயிருந்தது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்கின் பலம் இரண்டொரு மிதியோடு தீர்ந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஸ்டியரிங்கும் அதே மாதிரிக் கனத்துவிட்டது. இரண்டு கையாலும் இடது பக்கம் முறுக்கினார். கார் லொறியை மயிரிழையில் தாண்டி, ஓரத்துப் புல்லில் வழுக்கி, கல் கட்டிய மழைநீர்க் காணுக்குள் முன் சில்லை இறக்கியது. வெடிச்சத்தம் கேட்டது. டயர் போய்விட்டது.

"ஐயோ, மாரியாத்தா!" என்றாள் பின்னாலிருந்தவள். அவளுடைய வெற்றிலைப் பையில் இருந்ததெல்லாம் சிதறி என் தோளில் கூடக் கிடந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, அடிபட்டதா? தலை எங்கையாவது இடிச்சதா?"

அவள் தலையைத் தடவிப் பார்த்தாள். காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்: "இதுக்கு நான் நடந்தே போயிருப்பேன் டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லொறிக்காரர் இறங்கி ஓடி வந்தார். "மொகத மாத்தயா, பிரேக் நேத்த?" என்று கேட்டார். பிரேக் இல்லையா என்கிற அந்தச் சிங்களக் கேள்விக்கு எந்தப் பாஷையில் பதில் சொல்வதென்று தெரியாமல் என் கணவர் நின்றார். லொறியில் ஏதோ கோளாறு, அதைப் பார்க்கத்தான் நிறுத்தியிருந்தாராம். அது சரியாகிவிட்டது என்று சொல்லி, கால் வீங்கிய பெண்ணைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். முன்சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து போனதைப் பார்த்தேன். எங்கள் காரில் கிடைக்காத சீட் அவளுக்கு லொறியில் கிடைத்தது.

சத்தம் கேட்டு மேலே லயத்திலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் காணுக்குள் இறங்கினார்கள், மற்றவர்கள் பலகை வைத்தார்கள், "ஏலேலோ" என்று ஒரு தூக்கு. கார் ரோட்டுக்கு வந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே அவர்களில் ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"டீச்சர், இது ஒங்க காரா?"

"ஆமாங்க."

"அட, நம்ம பேய்க்காரு!" என்றார் மற்றவர்களிடம். பிறகு என்னிடம், "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். புள்ளைங்க வச்ச பேரு. பனிக்குள்ள சத்தமே இல்லாம வந்துரும். பக்கத்துல வந்தப்பறம்தான் தெரியும். போன மாசம் எம் மகள இடிக்கப் பாத்துச்சு. அவ கொடைய போட்டுட்டு காணுக்குள்ள குதிச்சுட்டா. அதுலருந்து புள்ளைங்கள எல்லாம் காண் ஓரமாவே நடந்து வரச் சொல்லியிருக்கோம்."

என் கணவர் எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்தது, அதைத் துடைக்கவில்லை.

"எந்த இடத்திலை?" என்று கேட்டார்.

"அந்தா, பைப்புக்கிட்ட சேர். வளைவுல."

"பிள்ளைக்கு ஏதும்...?"

"மொழங்கால்ல சிராய்ப்புதான். இப்ப நல்லா இருக்கா."

 நிலைமையறியாத இன்னொருவர் குறுக்கிட்டார்: "சரி சேர், ஸ்பெயார் வீல எடுங்க. இருட்டறதுக்குள்ள மாட்டிருவோம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்தார். கடைசியில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அது வீட்டுல இருக்குங்க. கட்டிலுக்கு அடியில."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு இளைஞன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அந்த நிமிடம் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. பூமி பிளக்கவில்லை, பஸ் வந்தது. அவ்வளவு நேரம் வராத பஸ். அவர் அதில் ஏறி ராகலைக்குப் போனார். நான் லயத்து வாசலில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு காத்திருந்தேன். மங்கலாகும் நேரத்தில் வேறொரு பஸ்ஸிலிருந்து என் கணவர் ஸ்பெயார் வீலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே நடத்துநர் ஜாக்கைக் கொண்டு வந்து கீழே வைத்துவிட்டு முறைத்தார். வீலுக்கும் ஒரு டிக்கெட் போட்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.  வீட்டுக்குள் வந்து முன்னறையில் அந்தச் சீட்டைக் கண்டதும் எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது.

"ஒங்க ஊரு கதைய நெனச்சு நெனச்சு நான் வாய மூடிட்டு இருந்தேங்க. அந்தப் புள்ளைய காப்பாத்த பெட்ரோல் இல்லாமப் போச்சு, சரி. இப்ப பெட்ரோல் இருக்கு. கால் வீங்கி ஒருத்தி கல்லுல குந்தியிருக்கா. யாருக்குங்க அத மிச்சம் புடிச்சு வைக்கிறீங்க?"

அவர் அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்தார். முழங்கால் முகத்தருகே வந்தது. கையைப் பார்த்தபடி, "அந்தப் பிள்ளை காணுக்குள்ளை குதிச்சிருக்கு. நான் காணவே இல்லை. கண்ணாடியிலை புகார் மூடியிருந்தது. நான் காணவே இல்லையப்பா" என்றார்.  எனக்கு அதற்கு மேல் கத்த முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொருத்தினார். பிளாஸ்டரையும் உரித்தார். அந்த ஞாயிறு என்னைக் கூட்டிக்கொண்டு அந்த லயத்துக்குப் போனார். பிள்ளையின் தகப்பனிடம், "நான் பிழை செய்து போட்டன். இனி அப்பிடி வரமாட்டன்" என்றார். அந்த மனிதருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "ஐயோ, என்னா சேர் இது, உக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். மகள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். என்ன வகுப்பு என்று இவர் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் உள்ளே ஓடிவிட்டாள். கால் பிசகிய பெண்ணையும் பார்த்துவிட்டு வந்தோம். கட்டுப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். "அந்த லொறிக்காரு ஆஸ்பத்திரி வாசல்லயே எறக்கிவிட்டாரு டீச்சர்" என்றாள். வேறெதுவும் குறையாகச் சொல்லவில்லை.

காருக்கு அடிபட்டது என்பதால் நுவரெலியாவில் வேறொரு கராஜில் விட்டோம். காரை உயர்த்தி ஒவ்வொரு சில்லாகச் சுழற்றிப் பார்த்தார்கள். பின்பக்கத்துச் சில்லு ஒன்று லேசில் சுழலவில்லை. கைபிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பிரேக்கை முழுசாக விடாமல் எப்போதும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டு வாசல் சரிவு என்பதால் அவர் தினமும் கைபிரேக்கைப் பலமாக இழுத்துத்தான் விடுவார்.

"எவ்வளவு காலமா இப்பிடி இருந்திருக்கும்?" என்று கேட்டார்.

தெரியாது, மாதக் கணக்காக இருக்கலாம் என்றார்கள். பெற்றோல் கூடப் போயிருக்குமே, கவனிக்கவில்லையா என்றும் கேட்டார்கள்.

கவனிக்கவில்லையாம்! எனக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்கலாம் போலவும், பக்கத்தில் கிடந்த ஸ்பானரை எடுத்து எதையாவது உடைக்கலாம் போலவும் இருந்தது. ரோட்டில் நின்ற சனத்தைத் தாண்டித் தாண்டிப் போனோம். குடையையும் பாயையும் இறக்கினோம். கோவாவையும் லீக்ஸையும் நிறுத்துப் பார்த்தோம். அத்தனை நாளும் கார் தன் காலைத் தானே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்தப் பழுதைத் திருத்திய வாரம் பெற்றோல் செலவு இறங்கியது. காந்தம் போட்ட நாளிலிருந்து ஒருநாளும் இறங்காத அளவுக்கு, பின்சீட்டோடும் ஸ்பெயார் வீலோடும் என் கொப்பிக் கட்டோடும் இறங்கியது. அவர் அந்தக் காந்தத்தைக் கழற்றி, ராகலைக் கராஜ்காரரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு நானும் லைசன்ஸ் எடுத்தேன். அவர் ஓட்டும் காரில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவதை விட நானே ஓட்டலாம் என்று தோன்றியது. இறக்கத்தில் கியரைப் போட்டபடியே அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் போதும், எஞ்சினும் ஓடும், பெற்றோலும் வீணாகாது என்று அவரே வாசித்துப் படித்து எனக்குச் சொல்லித் தந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் இப்போது நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிக்கிறார்.

போன வாரம் மழையில் கந்தப்பளை ஏற்றம். பின்சீட்டில் மூன்று பெண்கள், மடியில் இரண்டு பிள்ளைகள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. கார் திணறியது. நான் கியரைக் குறைத்தேன்.

"ஏன் குறைச்சனீர்? கொஞ்சம் பொறுத்திருந்தால் இழுத்திருக்கும்" என்றார்.

"இழுக்காது."

"இழுக்கும். அக்சிலேட்டரை இவ்வளவு அமத்தத் தேவையில்லை. முட்டை வைச்ச மாதிரி மெல்லமா..."

"முட்டைய நீங்க வச்சுக்கங்க! நீங்க ஓட்டுறீங்களா, நான் எறங்கிக்கவா?"

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.  "இல்லை, நீரே ஓடும்" என்றார் கடைசியில்.

அடுத்த வளைவு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வளைவு வந்தது. "இப்ப கியரைக் கூட்டலாம்" என்றார்.